தருமபுரியில் ஒரு கதைவீடு: அறை தேடுவது முதல் கதவு திறப்பது வரை

கதைக்கென்று ஓர் அருங்காட்சியகம் என்று பேச்செடுத்ததும் பல ஊர்களில் முதலில் நடப்பது சிலைக்கு முன்பணம் கொடுப்பதுதான். நரியும் காக்கையும் ஃபைபரில் வந்து இறங்கும். பிள்ளைகள் மேலே ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் காக்கையின் அலகு உடையும், அதற்கப்புறம் வாசலில் பூட்டுத் தொங்கும். கதை பார்க்கிற சாமான் அல்ல என்பதை மறந்ததால் வரும் வினை இது. சொல்ல ஒருவரும் ‘ம்’ கொட்ட ஒருவரும் வேண்டும். காட்சிக்கு வைக்க வேண்டியது இந்த இரண்டு பேரைத்தான். பாக்கி எல்லாம் அவர்களுக்குத் துணைச்சாமான்.

வெளிநாட்டில் இதைச் சரியாகப் பிடித்தவர்கள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள கதை அருங்காட்சியகத்தில் மரங்களுக்கு நடுவே நடந்தபடி வாய்மொழிக் கதைகளைக் கேட்கலாம். ஸ்டாக்ஹோமில் 1996இல் திறந்த யூனிபாக்கெனில் குட்டி ரயில் ஏறிக் கதைகளுக்குள் போய்வரலாம். அவர்களுடைய கட்டடத்தையோ செலவையோ நாம் பின்பற்ற வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பாரதக் கூத்து இன்னும் விடிய விடிய நடக்கிறது, வயல்வரப்பில் நடுகல் நிற்கிறது, ஒரே சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கேட்கிறது. சரக்கு கையில் இருக்கிறது, அதை வைக்க ஓர் அறைதான் பாக்கி.

இங்கே சொல்வது 20 அடிக்கு 20 அடி அறை ஒன்று, ஒரு திண்ணை, கொஞ்சம் முற்றம் என்ற கணக்குக்கு. ஒரு தடவைக்கு 25 பிள்ளைகள், கூட வரும் பெரியவர்கள் நாலைந்து பேர். இதைவிடப் பெரிதாகத் தொடங்க வேண்டாம்.

இடம் பார்ப்பது

காலியான பள்ளி வகுப்பறை, பயன்படாத சமுதாயக் கூடம், நூலகத்தை ஒட்டிய அறை, பழைய ஓட்டுவீடு எதுவானாலும் சரி. முதலில் பார்க்க வேண்டியது வாடகையை அல்ல, சத்தத்தை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர்களையும் தொட்டுப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரி ஓடுகிறது, அதை ஒட்டிய கட்டடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

செல்போனில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, அறைக்குள் ஜன்னலைத் திறந்துவைத்து, காலை 11 மணிக்கும் மாலை 5 மணிக்கும் பத்து நிமிடம் அளங்கள். போன் துல்லியமாகக் காட்டாது, ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிடப் போதும். சற்று உரக்கச் சொல்லும் குரல் 3 மீட்டர் தள்ளி 55 டெசிபல் அளவில் கேட்கும். சின்னப் பிள்ளைகளின் காதில் சொல் தெளிவாக விழ, குரல் பின்னணிச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும். ஆகவே அறைக்குள் 40 டெசிபல் கிடைத்தால் நல்லது. 45 வரை பொறுக்கலாம். 50ஐத் தாண்டினால் கதைசொல்லி கத்த ஆரம்பிப்பார், அரைமணியில் தொண்டை கட்டிவிடும்.

தகரக் கூரை, ஷீட் கூரை வேண்டாம். மழையில் ஒன்றும் கேட்காது, சித்திரையில் உட்கார முடியாது. ஓடு அல்லது கான்கிரீட். கழிப்பறை தனியாக இருக்க வேண்டும், வாசற்படியில் சாய்தளம் போட இடம் வேண்டும். சாய்தளத்துக்கு 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. இடம் போதவில்லை என்று 6 அடியில் முடித்தால் சக்கரநாற்காலி ஏறாது.

எதிரொலியை அடக்குவது

பலர் தொடாமல் விடும் வேலை இது, பல கதைக்கூடங்கள் தோற்பதும் இதனால்தான். அறை காலியாக இருக்கும்போது கைதட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்று நீண்டால், அந்த அறையில் ஒரு சொல் அடுத்த சொல்லின் மேல் ஏறி விழுகிறது என்று பொருள்.

கணக்கு சின்னதுதான். 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 108 கன மீட்டர். அதை 0.161ஆல் பெருக்கினால் 17.4. இந்த எண்ணை, அறையிலுள்ள பரப்புகள் உறிஞ்சும் அளவால் (சதுர மீட்டரில்) வகுத்தால், ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகும் என்பது வரும். சிமென்ட் பூச்சு ஏறக்குறைய 3 சதவீதம்தான் உறிஞ்சும். சுவர், தரை, கூரை சேர்ந்து 144 சதுர மீட்டர், உறிஞ்சல் 4.3. ஆக ஒலி அடங்க 4 விநாடி ஆகும். வகுப்பறைக்கு 0.6 விநாடி நல்லது என்பார்கள்.

இதற்கு விலையுயர்ந்த பலகைகள் தேவையில்லை. கனமான பருத்திப் போர்வை அல்லது ஜமுக்காளத்தை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் பேச்சுக்குரல் அளவிலான ஒலியில் பாதியை அது விழுங்கிவிடும். மூன்று சுவர்களில் மொத்தம் 15 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம் என்று 30 சதுர மீட்டர் தொங்கவிடுங்கள். அதில் 15 கிடைக்கும். 25 பிள்ளைகள் உட்கார்ந்தால் அவர்களே 7 அல்லது 8 உறிஞ்சுவார்கள். எல்லாம் சேர்ந்து 26 சொச்சம், ஒலி 0.65 விநாடியில் அடங்கும்.

மடிப்பு விழ வேண்டும் என்பதால் துணி இரட்டிப்பாக, 60 சதுர மீட்டர் வாங்க வேண்டும். சுவரோடு ஒட்டவைத்தால் பலன் பாதியாகக் குறையும். 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கம்பி கட்டுங்கள். தரையிலிருந்து 1 மீட்டர் விட்டே துணி தொடங்கட்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் பிடித்துத் தொங்குவார்கள். துணியைத் துவைத்துக் காயவைத்தபின், 10 லிட்டர் வெந்நீரில் 1 கிலோ வெங்காரமும் (போராக்ஸ்) 450 கிராம் போரிக் அமிலமும் கரைத்து முழுக்க நனைத்து நிழலில் உலர்த்துங்கள். தீ எளிதில் பற்றாது. மறுபடி துவைத்தால் அது போய்விடும், திரும்ப நனைக்க வேண்டும். துணிக்குப் பின்னால் எந்த மின்கம்பியும் ஓடக்கூடாது.

கதை சேகரிப்பது

கட்டட வேலை தொடங்கும் அன்றே இதையும் தொடங்குங்கள். எட்டுக் கதை காட்சிக்கு வைக்க, குறைந்தது அறுபது கதை பதிவாக வேண்டும்.

யாரிடம் போவது? பாட்டிகளிடம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதோடு நிற்காதீர்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிக்கும் பிரசங்கியார், கூத்து வாத்தியார், ஆடு மேய்ப்பவர், பரிசல் ஓட்டுபவர், ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் அம்மாக்கள், கிருஷ்ணகிரியில் உருது பேசும் நானிமார், சித்தேரி மலை ஊர்க்காரர்கள், இருளர் குடியிருப்புப் பெரியவர்கள். தமிழ்க் கதை மட்டும் வைத்தால் வருகிற பிள்ளைகளில் ஒரு பகுதிக்கு அது அடுத்தவர் வீடாகிவிடும்.

பதிவுக்கு வாவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றை ஒலித்தடம். ஒரு மணி நேரம் ஏறக்குறைய 520 எம்பி பிடிக்கும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே அல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் ‘ப’ காற்றாக வந்து மோதும். பதிவுக் கருவி காட்டும் ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பேய் வரும் இடத்தில் பாட்டி திடீரென்று கத்துவார். ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள், திரும்பப் போட மறக்காமல் இருக்க உங்கள் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜின் மேல் வையுங்கள். கதை முடிந்ததும் யாரும் பேசாமல் 30 விநாடி வெறும் அறையின் ஒலியைப் பதியுங்கள். பின்னால் வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் போட அதுதான் உதவும்.

கேட்பவர் இல்லாமல் பதியவே கூடாது. பதிவு செய்பவர் சத்தமில்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்தால் சொல்பவரின் குரல் ஐந்தே நிமிடத்தில் தட்டையாகி, கதை சுருக்கமாகி, ‘அவ்வளவுதான் கதை’ என்று முடிந்துவிடும். ஒரு பேரனையோ பேத்தியையோ எதிரே உட்காரவைத்து ‘ம்’ கொட்டச் சொல்லுங்கள். அந்த ‘ம்’ பதிவில் பெரிதாக விழாமலிருக்க, ஒருபக்கம் மட்டும் கேட்கும் வகை மைக்கை வைத்து அதன் முதுகுப் பக்கம் பிள்ளையை உட்காரவையுங்கள். லேசாக விழுந்தால் இருக்கட்டும், அழிக்காதீர்கள். ‘ம்’ சுத்தமாக இல்லாத பதிவு செய்தி வாசிப்புப் போல ஆகிவிடும்.

பதிவேட்டில் எழுத வேண்டியவை: வரிசை எண், தேதி, சொன்னவர், ஊர், மொழி, யாரிடம் கேட்டுத் தெரிந்தது, எந்த வேளையில் சொல்வது வழக்கம், திரும்பத் திரும்ப வரும் வரி எது, கதையில் பாட்டு உண்டா, எத்தனை நிமிடம், சொன்னவர் எதற்கெல்லாம் சம்மதித்தார். சம்மதத்தை எழுத்திலும் வாங்கி, குரலிலும் பதியுங்கள். காட்சிக்கு மட்டுமா, இணையத்திலும் போடலாமா, பெயர் சொல்லலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். அரைநாள் கூலியாவது கையில் கொடுங்கள். கதை சொன்னதற்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவிடுவது நியாயமில்லை.

கோப்புக்குத் தமிழில் நீளமான பெயர் வைக்காதீர்கள், பழைய கருவிகள் அதைக் குழப்பும். பதிவேட்டு எண்ணே கோப்பின் பெயர். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒரு நகல் வேறு கட்டடத்தில்.

எதை எடுப்பது, எதை விடுவது

சாதியைக் கேலி செய்யும் கதை, உடற்குறையைச் சிரிப்பாக்கும் கதை பதிவேட்டில் இருக்கட்டும், கூடத்தில் வேண்டாம். பயமுள்ள கதையை விலக்காதீர்கள். பேயும் திருடனும் இல்லாத கதைக்கூடத்தில் பத்து வயதுப் பிள்ளை கால்மணி நேரம்கூட நிற்காது.

அச்சில் வந்த கதைகளுக்குச் சட்டம் குறுக்கே வரும். ஆசிரியர் காலமான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு, நாட்டுடைமையான நூல்களுக்கு அது தடையில்லை. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்து ராமாயணத்தையும் பாரதத்தையும் எளிய தமிழில் சொன்ன ராஜாஜியை இந்த வட்டாரக் கதைக்கூடம் விட்டுவிட முடியாது. அவர் 1972இல் மறைந்தவர். இந்தக் கணக்குப்படி அவருடைய வாக்கியங்களுக்கு 2032 முடிய உரிமை உண்டு. ராமன் கதையை உங்கள் வார்த்தையில் சொல்லலாம், அவர் எழுதிய பத்தியைச் சுவரில் தீட்டுவதானால் அனுமதி வாங்குங்கள்.

ஈயின் வரிசை

முதல் காட்சிக்கு, தன் பெயரை மறந்த ஈயின் கதையைவிடப் பொருத்தமானது கிடைக்காது. வீடு மெழுகும்போது ஈக்குத் தன் பெயர் மறந்துபோகிறது. கன்றைக் கேட்கிறது, கன்று தாயைக் கேள் என்கிறது. அப்புறம் மேய்ப்பவர், அவர் கைக் கோல், கோல் தந்த மரம், மரத்துக் கொக்கு, கொக்கு குளிக்கும் குளம், குளத்து மீன், மீன் பிடிக்கும் வலையர், அவர் கைச் சட்டி, சட்டி வனைந்த குயவர், அவர் கை மண், மண்ணில் முளைத்த புல், புல் தின்னும் குதிரை. இந்த வடிவத்தில் 14 பேர். கடைசியில் குதிரை ‘ஈஈ’ என்று கனைக்க, ஈக்குப் பெயர் கிடைத்துவிடும்.

செய்முறை: 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 14 பலகை, ஒவ்வொன்றும் 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இரண்டரை அடிக்கு ஒன்றாக, இரண்டு சுவர்களில் வளைத்து மாட்டினால் முதலுக்கும் கடைசிக்கும் 32 அடிக்கு மேல் வரும். பலகையின் நடு தரையிலிருந்து 110 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் கண்ணுக்கு நேராக இருக்கும். எழுத்தே வேண்டாம், படம் மட்டும். கையில் ஒரு துணி ஈயை எடுத்துக்கொண்டு பிள்ளை நடக்கும். ஒவ்வொரு பலகையிலும் ‘கொழு கொழு கன்றே, கன்றின் தாயே’ என்று முதலிலிருந்து முழு வரிசையையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகலாம்.

பலகையை ஆணி அடித்து நிரந்தரமாகப் பொருத்தாதீர்கள், கொக்கியில் மாட்டுங்கள். ‘எங்க ஊர்ல குளத்துக்கு அப்புறம் வேற வரும்’ என்று வருகிறவர்கள் நிச்சயம் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் வேறு படம் போட நான்கு வெறும் பலகையும் கரிக்கோலும் பக்கத்தில் இருக்கட்டும். துணி ஈ தொலையும். ஒரு டஜன் தைத்து வைத்துக்கொள்ளுங்கள், காந்தமோ பொத்தானோ வைக்காமல். சின்னது வாயில் போட்டுக்கொள்ளும்.

நடுகல் மூலை

ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்கும் புலியோடு சண்டையிட்டு மடிந்தவனுக்கும் கல் நட்ட ஊர்கள் இவை. ஒரு கல்லே ஒரு முழுக்கதை: யார், எதற்காக, எப்படி. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய்க்கும் அதில் இடம், நாயின் பெயர் கோவிவன். பிள்ளைகளுக்கு இந்த ஒரு செய்தி போதும், மற்ற கல்லையெல்லாம் தாங்களே உற்றுப் பார்ப்பார்கள்.

அசல் கல்லைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். நூறாண்டு கடந்த சிற்பம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வயலில் புதிதாகக் கண்டால் கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்ல வேண்டும். அதோடு பல கற்கள் இன்றும் வேடியப்பன் என்ற ஊர்த்தெய்வமாகக் கும்பிடப்படுபவை. படம் எடுக்கவும் ஊர்க்காரரைக் கேட்டுவிட்டே எடுங்கள்.

மாதிரி செய்வதற்குப் படம் மாலை வெயில் சாய்வாக விழும்போது எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் புடைப்பே தெரியாது. 3 அடி உயரம், 2 அடி அகலச் சட்டத்தில் கோழிவலை அடித்து, சிமென்ட் ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு கலந்து 2 அங்குலம் கனத்துக்குப் பூசி, ஈரம் காயுமுன் உருவத்தைக் குடைந்து ஏற்றுங்கள். புடைப்பு அரை அங்குலமாவது இருந்தால்தான் விரலுக்குத் தெரியும். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நனையுங்கள், மூன்றாம் நாளே காயவிட்டால் வாள்முனையும் புலிவாலும் உதிரும். விளிம்பை உப்புத்தாளால் மழுக்குங்கள். எடை 50 கிலோவுக்கு மேல் போகும், சுவரில் சாய்த்து வைக்கவே கூடாது. நான்கு எக்ஸ்பான்ஷன் போல்ட் போட்டு முடுக்கிய பிறகுதான் பிள்ளைகளை உள்ளே விட வேண்டும். பார்வையில்லாத பிள்ளைகளுக்கு இந்தக் கூடத்தில் மிகவும் பிடித்துப்போகும் இடம் இதுவாகத்தான் இருக்கும்.

ஔவையும் இரண்டு ஆயுதச்சாலைகளும்

தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான் என்றால் நெல்லிக்கனிதான், ஊரில் எல்லோருக்கும் தெரியும். புறநானூற்று 91ஆம் பாட்டு அது. தெரிந்ததையே திரும்பச் சொல்ல ஒரு மூலை வீணாகப் போக வேண்டாம், 95ஆம் பாட்டை எடுங்கள். அதியமான் சார்பில் ஔவை தொண்டைமானிடம் தூது போகிறார். அவன் தன் ஆயுதச்சாலையைக் காட்டுகிறான். மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் தடவிக் காவலோடு வைத்திருக்கிறான். எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. புகழ்வது போல ஒரு குத்து.

இரண்டு மரத்தட்டுகள் போதும். ஒன்றில் பளபளக்கும் மரவேல்கள், பீலி, மாலை. மற்றதில் முனை மழுங்கிய, காம்பு உடைந்த மரவேல்கள், பக்கத்தில் ஒரு துருத்தி. ‘இதில் எந்த ராஜாவோடு சண்டைக்குப் போகப் பயப்படுவீர்கள்?’ என்று ஒரு கேள்வி மட்டும் எழுதி வையுங்கள், விடையை எழுதாதீர்கள். கைக்கு எட்டும் வேல் எதுவும் இரும்பாக இருக்கக் கூடாது, ஒன்றரை அடிக்கு மேல் நீளம் வேண்டாம்.

முற்றத்தில் படுகளம், உள்ளே வேஷம்

பாரதக் கூத்தின் கடைசி நாளில் துரியோதனனை மண்ணில் படுக்கவைத்து உருவாக்குவது இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் கண்ணால் கண்ட காட்சி. அதை அப்படியே முற்றத்தில் செய்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அது கோயில் சடங்கு, தவிர முதல் கனமழையில் கரைந்தும் போகும். 20 அடி நீளத்துக்குப் படுத்த உருவத்தின் கோட்டை மட்டும் செங்கல்லால் கட்டுங்கள். இதையும் கோயில்காரர்களிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். சுற்றளவு 60 அடி வரும். 9 அங்குலச் செங்கல் ஓர் அடுக்குக்கு 80, இரண்டு அடுக்குக்கு 160, உடைசலுக்குச் சேர்த்து 175. பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து, தொடைக்குள் எத்தனை பேர், தோளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பார்கள்.

கூத்துக் கிரீடமும் புஜக்கட்டையும் போட்டுப் பார்க்கும் மூலைக்கு அசல் சாமான் கனம் அதிகம். கல்யாண முருங்கைக் கட்டையிலோ அட்டையிலோ 400 கிராமுக்குள் சிறிய அளவில் செய்யச் சொல்லுங்கள், வட்டாரக் கலைஞர்களே செய்து தருவார்கள். முகத்தில் அரிதாரம் பூசிவிடும் ஆசை யாருக்காவது வரும். பழைய அரிதாரம் ஆர்செனிக் கலந்த கனிமம், பிள்ளைகளின் தோலுக்கு அது ஆகவே ஆகாது. முகமூடி அட்டையில் வண்ணம் தீட்டச் சொன்னால் போதும்.

பேன் பிரச்சினையைப் பேசக் கூச்சப்படாதீர்கள். ஒரு கிரீடம் ஒரே நாளில் நாற்பது தலை ஏறும். தலைக்கு ஒரு பருத்திக் கைக்குட்டை கட்டி அதன்மேல் கிரீடம். பேன் தலையை விட்டு இறங்கினால் இரண்டு நாளுக்கு மேல் பிழைக்காது. ஆகவே மூன்று செட் வைத்து மாற்றி மாற்றி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள்.

குரல் வரும் பானைகள்

ஹெட்போன் வாங்காதீர்கள். கம்பி அறுந்துவிடும், பஞ்சு கிழிந்துவிடும், இரண்டு பேர் சேர்ந்து கேட்கவும் முடியாது. வாய் 10 அங்குலமுள்ள மண்பானையின் அடியில் 3 அங்குல ஸ்பீக்கரை மேல்நோக்கி வைத்து, உள்சுவரில் ஓர் அங்குலம் பஞ்சு ஒட்டுங்கள். பானை சாய்வாக, வாய் தரையிலிருந்து 95 சென்டிமீட்டரில். பஞ்சு இல்லாவிட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல முழங்கும். கோப்பிலேயே 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் இன்னும் தெளியும். ஒலி 75 டெசிபலுக்கு மேல் வேண்டாம். நின்று கேட்கும் கதை 2 நிமிடம், உட்கார்ந்து கேட்பது 8 நிமிடம், அதற்கு மேல் நீட்டாதீர்கள். பானைக்கும் பானைக்கும் 3 மீட்டர். நெருக்கி வைத்து எல்லாம் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக்கடைதான்.

எம்பி3 சில்லு வாங்கும்போது மின்சாரம் வந்ததும் தானாகப் பாடத் தொடங்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் கரன்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் எல்லாப் பானையும் சேர்ந்து கதை சொல்லும். மெமரி கார்டு 32 ஜிபிக்குள், கோப்புகளின் பெயர் 001, 002 என்று. பல சில்லுகள் பெயரைப் பார்ப்பதில்லை, எந்த வரிசையில் நகல் எடுத்தீர்களோ அதே வரிசையில்தான் பாடும். ஆகவே ஒவ்வொன்றாக நகலெடுங்கள். சில்லுக்கும் ஸ்பீக்கருக்கும் 5 வோல்ட் போதும், 230 வோல்ட் கம்பி பிள்ளை கைக்கு எட்டும் எந்த இடத்திலும் வரக்கூடாது. மெயினில் மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

மின்சாரமே இல்லாத கருவி ஒன்றும் வையுங்கள். 2 அங்குல பிவிசி பைப்பைத் திண்ணையிலிருந்து முற்றத்தின் மறுகோடிக்கு 15 மீட்டர் ஓட்டுங்கள், மண்ணுக்குள் ஓர் அடி ஆழத்தில். வளைவுகள் அகலமாக இருக்கட்டும், மொத்தம் இரண்டுக்கு மேல் வேண்டாம். இரண்டு முனையிலும் புனல், புனலுக்குள் கொசுவலை. வலை போடாவிட்டால் குளவி கூடு கட்டிவிடும். பிள்ளைப் பக்கம் 100 சென்டிமீட்டர், திண்ணையில் உட்காரும் பாட்டி பக்கம் 110. பிள்ளை அங்கே மெல்லிய குரலில் கதை சொல்லும், பாட்டி இங்கே ‘ம்’ கொட்டுவார். குழாயின் தாழ்ந்த இடத்தில் சின்னத் துளை போட்டுக் கீழே ஜல்லி நிரப்பினால் மழைநீர் வடிந்துவிடும்.

கதை வட்டமும் கதைசொல்லியும்

12 அடி விட்டமுள்ள வட்டத்தில் முக்கால் பங்குக்கு 9 அங்குல உயரத் திண்டு கட்டுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒன்றரை அடி என்றால் 18 பேர் திண்டில், மிச்சப்பேர் நடுவே பாயில். கதைசொல்லியின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் பிள்ளைகளுக்கு அவர் முகம் தெரியாமல் நிழல்தான் தெரியும். அவர் சுவருக்கு முதுகு கொடுத்து, வெளிச்சம் பக்கத்திலிருந்து விழ உட்காரட்டும்.

பள்ளியிலிருந்து வந்தால் மூன்று குழுவாகப் பிரித்து, வட்டம், ஈயின் வரிசை, பானைகள் என்று பத்துப் பத்து நிமிடம் சுழற்றுங்கள். முற்றத்தில் கடைசிப் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து. கதைசொல்லிக்கு ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

பயிற்சியில் இரண்டு விஷயம். மனப்பாடம் வேண்டாம். திரும்ப வரும் வரியும், முதல் வாக்கியமும், கடைசி வாக்கியமும் தெரிந்தால் நடுவே உள்ளதை அவரவர் நாக்குக்கு விட்டுவிடலாம். கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?’ என்று கேட்கவே கூடாது. கேட்ட நிமிடம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ‘உங்க வீட்ல இந்தக் கதையை யாராவது வேற மாதிரி சொல்வாங்களா?’ என்று கேளுங்கள். அப்போதுதான் அடுத்த கதை பிறக்கும்.

பிள்ளைகள் சொல்லும் மூலை

நான்கடிக்கு நான்கடி சட்டத்தில் போர்வை போர்த்திய சின்னக் கூண்டு, உள்ளே ஒரு மைக், இரண்டு முக்காலி. சொல்பவர் ஒன்றில், கேட்பவர் ஒன்றில். ஒரு துணிப்பையில் புளியங்கொட்டை, பழைய சாவி, மாங்கொட்டை, வளையல் துண்டுக்குப் பதிலாக மரவளையல், கட்டைப்பம்பரம் என்று இருபது பொருள். கண்ணை மூடி மூன்றை எடுத்து, மூன்றும் வரும்படி கதை சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே ஒரு பொருள் போதும்.

பிள்ளைகளின் குரலைச் சேமிக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தையாகத்தான் கணக்கிடுகிறது. பெயர் பதியாதீர்கள், இணையத்தில் போடாதீர்கள், பெற்றோர் கேட்டால் கோப்பை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு 30 நாளில் அழித்துவிடுங்கள்.

பலகை எழுத்து, காகித வேலை, பராமரிப்பு

ஒரு பலகைக்கு 40 சொல். எழுத்து அளவு 28 புள்ளிக்குக் குறையாமல், வரி இடைவெளி ஒன்றரை மடங்கு. தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும். ஓசூர் பக்கம் வைப்பதானால் தெலுங்கிலும் கன்னடத்திலும் தலைப்பாவது போடுங்கள். கண்ணாடிப் பளபளப்புள்ள ஃபிளெக்ஸ் வேண்டாம், வெளிச்சம் பட்டால் எழுத்து தெரியாது.

சங்கமாகப் பதிவதானால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேராவது வேண்டும். அரசுக் கட்டடம் என்றால் எழுத்தில் உத்தரவு வாங்காமல் ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள். பத்து ரூபாய் இருந்தால் நான்கு ரூபாய் எதிரொலிக்கும் ஒலிக்கருவிக்கும், மூன்று கதைசொல்லிகளின் முதல் ஆண்டுச் சம்பளத்துக்கு, இரண்டு காட்சிப் பொருளுக்கு, ஒன்று பழுதுக்கு. சம்பளத்தைத் தனியாக எடுத்து வைக்காமல் திறந்த கூடங்கள் காட்சிப் பொருளோடு பூட்டிக் கிடக்கும்.

வாரம் ஒருமுறை பானைப் பஞ்சைப் பாருங்கள், எறும்பு ஏறியிருக்கும். மாதம் ஒருமுறை போல்ட்டுகளை முடுக்கி, துணிக்குப் பின்னால் கரையான் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தோற்பாவையோ பழைய ஓலையோ வைத்திருந்தால் நேர்வெயில் படாமல், விளக்கு 50 லக்ஸுக்குள் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எட்டில் இரண்டு கதையை இறக்கி, பதிவேட்டிலிருந்து வேறு இரண்டை ஏற்றுங்கள். அதற்கு முந்தைய மாதமே அந்தக் கதைகளைச் சொன்னவர்களுக்குத் தகவல் சொல்லி, முதல் நாள் வண்டி வைத்து அழைத்துவர ஏற்பாடு செய்துவிடுங்கள்.